ரிலீவர் வரவில்லை

ரிலீவ் என்கிற இங்கிலீஷ் வார்த்தையை ஸ்டீவன் வீட்டில் மூன்று பேரும் மூன்று இடத்தில் கற்றுக்கொண்டார்கள். எந்த இடத்திலும் அது சொன்ன நேரத்துக்கு நடந்ததில்லை.

அப்பா சுப்பராயனுக்கு அது ரயில்வே வார்த்தை. அனுப்பம்பட்டுப் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். அடுத்த ஆள் சைக்கிளில் வந்து இறங்கி, கொடிகளையும் விளக்கையும் கையில் வாங்கும்வரை கேட்டை விட்டு நகரக்கூடாது. மழையென்றாலும் சரி, வீட்டில் சாவென்றாலும் சரி. ஸ்டீவன் பிறந்த அன்றைக்கு ரிலீவர் வராமல் போய், பிள்ளை முகத்தை மறுநாள்தான் பார்த்தார். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் குத்திக்கொண்டே இருந்தாள்.

மனைவி சுகிர்தாவுக்கு அதே வார்த்தை இரண்டு விதமாக வந்து சேர்ந்தது. பொன்னேரியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நர்ஸ். ஊசி போட்டுவிட்டு அரை மணி கழித்து வந்து, "பெயின் ரிலீவ் ஆச்சாம்மா?" என்று கேட்பாள். ஆச்சு என்றால் அது நல்ல வார்த்தை. அதே நர்சிங் ஹோமில் வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருத்தி எழுதிக்கொடுத்தால், அவளை நிர்வாகம் ரிலீவ் பண்ண வேண்டும். அப்போது அது கெட்ட வார்த்தை. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, வேறு ஆள் கிடைக்கட்டும், டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார், மாசக் கடைசி என்று இழுத்தடிப்பார்கள். எதிர்வீட்டு காயத்ரி டீச்சருக்கும் அதே கதைதான். மாறுதல் ஆர்டர் வந்து எத்தனையோ நாளாகியும் ஹெட்மாஸ்டர் ரிலீவ் பண்ணாமல், அரக்கோணத்தில் கிடைத்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

ஸ்டீவனுக்கு அது பாய்லர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கிழங்கு மாவைக் காயவைத்துப் பொடியாக்கி மூட்டை கட்டும் கம்பெனி ஒன்றில் அவன் பாய்லர் ஆபரேட்டர். நெருப்பும் தண்ணீரும் ஒரே இரும்பு வயிற்றுக்குள் கிடக்கிற சமாச்சாரம். சர்டிபிகேட் வைத்திருக்கும் ஆள் பக்கத்தில் இல்லாமல் அதை ஓடவிடக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், ஆளில்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் சர்டிபிகேட் இருப்பவர்கள் மூன்றே பேர், மூவரும் காண்ட்ராக்ட். இரவு ஸ்டீவன், காலை ஆறு மணிக்கு தேசப்பன், மத்தியானம் இரண்டு மணிக்கு அன்புசெல்வன். ஒருத்தன் வந்தால்தான் இன்னொருத்தன் போகலாம்.

தமிழில் விடுவிப்பது என்று அழகாகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் ஏதோ சிறைக்கதவைத் திறந்து மாலை போட்டு அனுப்புகிற மாதிரி இருக்கிறது. ஒருத்தன் வந்து மாட்டிக்கொள்கிறான், இன்னொருத்தன் வெளியே போகிறான், நடப்பது அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுப்பராயன் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். பேச்சும் குழறிப்போயிற்று. அன்றிலிருந்து அந்த வீடும் ஒரு ஷிப்ட் கம்பெனியாகிவிட்டது. பகலில் சுகிர்தா வேலைக்குப் போவதால், ஸ்டீவன் நிரந்தர இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் அவன் வந்ததும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். போனில் சொல்லிவிட்டுக் கிளம்புகிற வேலையெல்லாம் சுகிர்தாவிடம் நடக்காது. வார்டில் எப்படி ஒப்படைப்பாளோ அப்படித்தான் வீட்டிலும். எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள், கஞ்சி எவ்வளவு இறங்கியது, மூத்திரப் பையில் நிறம் எப்படி, எல்லாம் சொல்லி, முதுகில் புண் இல்லை என்று அவனையும் குனிந்து பார்க்கவைத்து, அவன் "சரி" என்று சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவாள். இரவு அவள் வந்ததும் அவன் சொல்ல வேண்டும், அவள் "சரி" என்று சொல்ல வேண்டும்.

வாரத்தில் ஒரு இரவு பாய்லரை அணைத்துவைப்பார்கள், அன்று ஸ்டீவனுக்கு லீவு. நர்சிங் ஹோமில் அவளுக்கு வாரம் ஒரு நைட் டூட்டி கட்டாயம் என்பதால், அவன் வீட்டில் இருக்கும் அந்த இரவாகப் பார்த்து அவள் அதை வாங்கிக்கொள்வாள். வேறு எப்படி முடியும்? கல்யாணம் என்பது கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, நடுவில் அப்பாவை வைத்துக்கொண்டு பேசுகிற கால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. சண்டை போடக்கூட நேரம் கிடைப்பதில்லை என்று சுகிர்தா ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்படி இருக்கையில்தான் அவளுக்கு அரசாங்க வேலை வந்தது. எப்போதோ எழுதிய பரீட்சை. பழவேற்காடு ரோட்டில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எட்டு மணி நேர வேலை, நைட் குறைவு, பென்ஷன் இல்லாவிட்டாலும் துரத்த முடியாத வேலை. ஆர்டர் வந்த நாளிலிருந்து நர்சிங் ஹோமில் கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டாள். சேருவதற்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் சர்டிபிகேட்டுகள் கைக்கு வந்தன.

சுகிர்தாவின் அம்மாக்காரி சாராள் முதலிலேயே மிரட்டி வைத்திருந்தாள். "கையெழுத்து போடற வரிக்கும் ஒருத்தர்கிட்ட மூச்சு உடக்கூடாது. ஜெபத்துல வெச்சிக்கோ, வாயில வெச்சிக்காத." ஆகவே ஸ்டீவன் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் டீ பங்கு போட்டுக் குடிக்கும் தேசப்பனிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கடைசி நாள் காலையில் ஆறுக்கு ரிலீவ் ஆகி, ஏழேகாலுக்கு வீட்டில் இருந்து, அவளை அனுப்பிவிடலாம் என்பது கணக்கு. சுகாதார நிலையத்து டாக்டரம்மா மூன்று மணிக்கு மேல் இருக்கமாட்டார் என்று சுகிர்தா விசாரித்துவைத்திருந்தாள். ஆனாலும் காலையில் போய்விட்டால் என்ன பயம்?

ஆறு மணிக்கு தேசப்பன் வரவில்லை.

தேசப்பன் ஆரம்பாக்கத்துக்காரன், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிறவன். பத்து நிமிஷம் இருபது நிமிஷம் தாமதமாக வருவது அவன் வழக்கம். ஆறரை வரை ஸ்டீவன் கவலைப்படவில்லை. ஏழாகியும் ஆளைக் காணோம். மாவுத் தூசி பறக்கிற கம்பெனி என்பதால் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாய்லர் ஹவுஸில் ஒரு இன்டர்காம் மட்டும் உண்டு. கேட்டுக்குப் போட்டான்.

"தேசப்பன் நம்பருக்கு ஒரு போன் அடிச்சிப் பாருண்ணே."

"அடிச்சிட்டேன்பா. ஸ்விட்ச் ஆப்னு வருது," என்றார் செக்யூரிட்டி.

"ஊட்டுக்கும் ஒரு போன் போட்டு, ரிலீவர் வரல, லேட்டாவும்னு சொல்லிடறியா?"

செக்யூரிட்டி நல்ல மனுஷன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "உன் ஊட்டம்மா சொல்லுச்சி, மத்தியானம் ஒண்ணு வரிக்கும் பாக்கறேன், அதுக்குள்ள எப்டியாவது வந்துடச் சொல்லுங்கன்னு. குரலே சரியில்லப்பா. இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றான் ஸ்டீவன். சாராளின் உத்தரவு அப்போதும் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

அப்பாவைத் தனியாக விட முடியாது. சளி தொண்டையில் கட்டினால் உறிஞ்சி எடுக்க ஆள் வேண்டும். பக்கத்துப் போர்ஷன் ஈஸ்வரியை ஒருமுறை உட்காரவைத்துவிட்டு இருவரும் சாவு வீட்டுக்குப் போனார்கள். கிழவருக்குப் புரையேறிக் கண் செருகியதைப் பார்த்து ஈஸ்வரி தெருவில் ஓடி அழுதிருக்கிறாள். "தூக்கச் சொல்லு, தொடைக்கச் சொல்லு, செய்யறேன். தனியா மட்டும் உடாத தாயி," என்று கும்பிட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

எட்டு மணிக்கு அவன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான். ஒன்பதுக்கும் பார்த்தான். தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி உறுத்திற்று. விறகு தள்ளும் ஒடிசாக்காரர்கள் இருவரும் ரிலீவ் ஆகிப் போய், வேறு இருவர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வருவதற்கு ஆள் இருந்தது. ஒருத்தர் தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு ரொட்டியை எடுத்து நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தானே தவிர, தின்ன ஓடவில்லை.

பத்து மணிக்கு இன்டர்காமில் புரொடக்‌ஷன் மேனேஜர் துளசிராமனைக் கூப்பிட்டான்.

"சார், தேசப்பன் வரல. நான் பன்னண்டுக்கெல்லாம் கெளம்பியே ஆவணும்."

"ரெண்டு மணிக்கு அன்புசெல்வன் வந்துடுவான்யா. நாலு மணி நேரம். டபுள் கூலி போட்டுக்கோ."

"டபுள் வேணாம் சார். ஊட்ல அவசரம்."

"இன்னா அவசரம்? அப்பாவுக்கு எதனா ஆயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். படுத்திருக்கும் மனுஷனைப் பற்றி வாய் கூசிற்று. "அவருக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் போனாதான் என் வொய்ப் வெளிய போவ முடியும்."

"சாயங்காலம் போகச் சொல்லேன்யா."

"முடியாது சார். நான் விறகு தள்றத நிறுத்தச் சொல்லப்போறேன். மெதுவா எறக்கி, முறையா ஷட் பண்ணிட்டுப் போயிடறேன். அன்புசெல்வன் வந்து ஏத்திக்கட்டும்."

அந்தப் பக்கம் இன்டர்காமை வைத்த சத்தம் கேட்டது. பிறகு துளசிராமன் தானே பாய்லர் ஹவுஸுக்கு வந்துவிட்டார். சட்டைக் காலரில் மாவு படிந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் அவரும் ராத்திரி வீட்டுக்குப் போகாதவர் மாதிரிதான் இருந்தது.

"டிரையர்ல நனைஞ்ச மாவு கெடக்குது ஸ்டீவன். ஸ்டீம் நின்னா மொத்தமும் புளிச்சிப் போய்டும். நாளைக்குக் காலைல லோடு போகணும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சிகினே இன்னாத்துக்கு இப்டிப் பண்ற? நான் மட்டும் ஜாலியாவா இருக்கேன்? நேத்து காலைல வந்தவன். என்னை யார் வந்து ரிலீவ் பண்ணப்போறா, சொல்லு?"

அந்த ஆள்மேல் ஸ்டீவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சம்பந்தமில்லாமல் ஒரே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மாதிரி.

"இன்னா விஷயம்னு சொன்னாத்தானே நான் மேல பேச முடியும்?" என்றார் துளசிராமன் கடைசியாக.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மனைவிக்கு அரசாங்க வேலை என்று சொன்னால் என்ன ஆகும்? அவனுக்கு இனி இந்த வேலை எதற்கு என்று நாளைக்கே காண்ட்ராக்டர் காதில் போகும். கண் படும் என்று சாராள் பயந்தது வேறு, இவன் பயந்தது வேறு. இரண்டு பயமும் சேர்ந்து வாயை அடைத்தன.

"குடும்ப விஷயம் சார்."

"சரி. நிறுத்தறதுன்னா நிறுத்து. உன்னைக் கட்டிப் போட முடியாது. ஆனா நிறுத்திட்டுப் போனா திரும்ப வராத. இத்த நான் சொல்லல, காண்ட்ராக்டர் சொல்லுவான். நான் அவனுக்கு போன் பண்ணித்தான் ஆகணும்."

ஒன்பது வருஷ வேலை. ஸ்டீவன் தலையாட்டினான். ஒடிசாக்காரர்களிடம் விறகை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். நெருப்பைத் தணியவிட்டான், காற்றூதும் விசிறிகளை நிறுத்தினான், தண்ணீரை ஏற்றிவைத்தான், டிரையருக்குப் போகும் ஸ்டீமை மெல்ல மெல்ல மூடினான். அவசரத்தில் எதையும் விட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொரு வால்வையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தான். பிரஷர் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அது அவனுடைய அவசரத்துக்கா இறங்கும்? அது பாட்டுக்கு இறங்கிற்று. எல்லாம் அடங்கியபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

கேட்டில் போனை வாங்கினான். ராத்திரி முழுக்கக் கிடந்ததில் சார்ஜ் செத்திருந்தது. கேட்டிலிருந்தே வீட்டுக்கு ஒரு போன் போடலாமென்றால், போனுக்குப் பக்கத்திலேயே செக்யூரிட்டியும் காண்ட்ராக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுவும் இவனைப் பற்றித்தான். நிற்காமல் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினான். ரயில் நின்றிருந்தது, ஏறிவிட்டான். கவரப்பேட்டைக்கு முன்னால் அதை ஓரங்கட்டி, இரண்டு எக்ஸ்பிரஸையும் ஒரு கூட்ஸையும் முன்னால் விட்டார்கள். ஸ்டீவன் வாசலில் நின்று சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ரயிலுக்குக்கூட யாரோ வந்து வழி விட்டால்தான் நகர முடிகிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற காய்கறிக்காரம்மா குடிகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பொன்னேரியில் இறங்கும்போது இரண்டு மணி. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். இப்போது கிளம்பினால்கூட, ஆட்டோ பிடித்தால், மூன்றுக்குள் போய்விடலாம். போயே ஆக வேண்டும். அதை மட்டுமே நினைத்துக்கொண்டு போனான்.

கதவில் பூட்டு தொங்கியது.

மூன்று வருஷமாக அந்தக் கதவு வெளியே பூட்டியதில்லை. ஸ்டீவன் பூட்டை இழுத்துப் பார்த்தான். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. ஈஸ்வரி மாவு அரைத்த கையோடு வெளியே வந்தாள்.

"வந்துட்டியா? சாவி எங்கிட்டதான் இருக்குது. பயப்படாத, மாமாவ கூட்டினு பூட்ச்சி உன் பொண்டாட்டி."

"எங்க?"

"எங்கயோ ஆஸ்பத்திரில கையெழுத்து போடணுமாமே. அங்கதான். ஒரு மணி ஆச்சி, நீ வரல. கம்பெனிக்கு போன் அடிச்சிப் பாத்துச்சி, யாரும் எடுக்கல. அப்பால ஆட்டோகாரன் ரெண்டு பேர கூட்டியாந்து, மாமாவுக்கு வேட்டி சட்ட மாத்தி, தலகாணி முட்டுக் குடுத்து, நாங்க நாலு பேருமா தூக்கி வெச்சோம். மூத்திரப் பையத் தன் கைப்பையில மாட்டிகினு, அந்த உறிஞ்சற மிஷினையும் மடியில வெச்சிகினு உக்காந்துது. மாமாவுக்கு ஒரே குஷி. ரோட்டப் பாத்துகினே போனாரு."

ஸ்டீவன் கதவைத் திறந்து உள்ளே போனான். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் அப்பாவின் உடம்பு பள்ளம் மட்டும் கிடந்தது. மூன்று வருஷமாக அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் எதிரில் ஒருத்தி நின்று ஒப்படைப்பாள். இன்றைக்கு ஒப்படைக்கவும் ஆள் இல்லை, வாங்கிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம், வழக்கமாக நிற்கும் இடத்தில், கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

போனுக்கு உயிர் வந்ததும் முதலில் தேசப்பன்தான் கூப்பிட்டான். பின்னால் மேளச் சத்தம்.

"இன்னா நைனா, சந்தோஷமா?"

"எங்கடா பூட்ட? ஸ்விட்ச் ஆப் வேற பண்ணி வெச்சிகினு?"

"ஆன்ல வெச்சா மேனேஜர் கூப்புடுவான், வராம இருக்க முடியுமா? நீதானே அன்னிக்கு அழுத, அப்பாவுக்குக் காத்து மெத்த வாங்கணும், டப்பு பத்தல, எப்பயாச்சும் ஒரு டபுள் உடு தேசப்பான்னு. மச்சான் ஊட்ல விசேஷம் வந்துச்சி. சரி, நாம ஒரு நாள் லீவ் போட்டா ஸ்டீவனுக்கு ஒரு டபுள் சேரும்னு வந்துட்டேன். சொல்லிட்டுச் செஞ்சா நல்லாருக்காதுன்னு சொல்லல."

அந்தக் கம்பெனியில் கேட்டால் ஓவர்டைம் கிடைக்காது. வர வேண்டியவன் வராமல், இருப்பவன் மாட்டிக்கொண்டால்தான் இரட்டைக் கூலி. அதனால் ஆபரேட்டர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒருத்தனுக்குக் கஷ்டம் என்றால் இன்னொருத்தன் தன் ஒரு நாள் கூலியை விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவான். அதற்கு டபுள் விடுவது என்று பெயர். ஸ்டீவனே அன்புசெல்வனின் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு முறை விட்டிருக்கிறான். அன்புசெல்வன் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

மெத்தைக்காகத் தேசப்பனிடம் புலம்பியது ஸ்டீவனுக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததுதான் வேதனை. என்னத்தைத் திட்டுவது?

"தேங்க்ஸ்டா," என்றான்.

"கொரலு இன்னா ஒரு மாரி கீது?"

"தூக்கம்டா. நாளைக்குப் பேசறேன்."

போனை வைத்த பிறகு உடம்பு முழுக்க ஒரு அசதி இறங்கிற்று. யாரும் கெட்டது செய்யவில்லை. எல்லோரும் அவனுக்கு நல்லதுதான் செய்தார்கள், அவனும் அவளுக்கு நல்லதுதான் செய்தான். அவன் வேலையைக் கொடுத்து வாங்க நினைத்ததை, அவள் ஆட்டோக்காரர்கள் இருவரை வைத்துக்கொண்டு முடித்துவிட்டாள். இரண்டு மணி வரை பேசாமல் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் வேலையும் இருந்திருக்கும், மெத்தையும் வந்திருக்கும். தன்மேலேயே அவனுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்படவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தான்.

மூன்றரைக்கு சுகிர்தா கூப்பிட்டாள்.

"ஜாயின் பண்ணிட்டேங்க." குரல் அவளுடையதா என்றே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு லேசாக இருந்தது. "டாக்டரம்மா கெளம்பி கார்கிட்ட பூட்டாங்க. மாமாவ ஆட்டோல பாத்துட்டு, பேஷண்ட் வந்துகிறாருன்னு திரும்பி வந்தாங்க. நான் பேஷண்ட் இல்ல மேடம், புது ஸ்டாப் நர்ஸ், இவரு என் மாமனாருன்னு சொன்னேன். அப்டியே நின்னு பாத்தாங்க. உள்ள வாம்மான்னு கூட்டினு போயி கையெழுத்து வாங்கினாங்க. மாமாவ இங்க ஒரு பெட்ல படுக்கவெச்சிருக்கேன். ஜன்னல் பக்கம். தூங்கறாரு."

"நல்லதும்மா," என்றான் ஸ்டீவன். "நல்லதும்மா."

"தேசப்பண்ணன் எப்ப வந்தாரு?"

"அவன் வரல."

"அப்ப அன்புசெல்வன் சீக்கிரம் வந்துட்டாரா?"

பொய் சொல்ல இன்னொரு வழி அவளாகவே திறந்துவிட்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வாயைத் திறந்தான். ஆனால் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவளிடம் அவன் இதுவரை எதையும் மறைத்ததில்லை. மறைத்தால் அப்பாவுக்குத்தான் கேடு என்று பழகிய பழக்கம்.

"இல்ல சுகி. பாய்லர நான் நிறுத்திட்டேன். நிறுத்திட்டு வந்துட்டேன்."

போனில் ஏதோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"திரும்ப வரவேணாம்னுட்டாங்களா?"

"ஆமா."

"நான் ஒரு மணிக்கு கேட்டுக்கு போன் பண்ணேங்க. யாரும் எடுக்கல."

"நான் அதுக்குள்ள வெளிய வந்துட்டேன்."

"ஒன்பது வருஷம்," என்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் நர்ஸ், ஆனது ஆன பிறகு அடுத்தது என்ன என்று யோசிக்கப் பழகியவள். "சரி. எனக்கு இங்க காலைல எட்டுக்கு வந்தா போதும், நாலு மணிக்கு உட்டுருவாங்க. மாமாவ நீங்க பகல்ல பாத்துக்கலாம். அப்பால வேற எங்கனா பாக்கலாம். சிப்காட்ல இல்லாத பாய்லரா?"

"ம்."

"நாஷ்டா துன்னீங்களா?"

"ரெண்டு ரொட்டி இருந்துச்சி. துன்னல."

"இன்னிக்கு லேட்டா வந்துட்டேன்ல, ஆட்டோவ ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வந்து சாதம் வெக்கறேன். நீங்க தூங்குங்க. ராத்திரிக்கு..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். ராத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், எழுப்பவா என்பது அவள் தினமும் கேட்கிற கேள்வி. "ராத்திரிக்கு நீங்க ஊட்லதான இருப்பீங்க."

"ஆமா."

"நானும் ஊட்லதான் இருப்பேன்," என்றாள் சுகிர்தா.

விளக்கை அணைத்துவிட்டு இருவரும் ஒரே வீட்டில் படுத்த இரவு கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தான். அப்பா விழுவதற்கு முந்தின நாள்தான் வந்தது. அன்றைக்கு என்ன பேசினோம், என்ன சாப்பிட்டோம் என்று ஒன்றுமே நினைவில்லை. அன்றைக்கு அது ஒரு சாதாரண இரவு. வேலை போனதற்கு அழாத ஸ்டீவன் இதற்கு அழுதான். வாயைக் கையால் பொத்திக்கொண்டாலும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவள் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. பின்னால் யாரோ, "புது சிஸ்டர் எங்கம்மா, ஊசி போடணுமாம்," என்று கூப்பிட்டார்கள்.

"வெக்கறேங்க, கூப்புடறாங்க," என்றாள். ஆனாலும் கொஞ்ச நேரம் வைக்காமல்தான் இருந்தாள்.